மதகு என்று கூப்பிட்டார்கள்

நின்றுகொண்டிருக்கிறேன், கூடம் முழுக்க உட்கார்ந்திருக்க நான் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன், மேடையில் ஊதிய எக்காளத்தின் ஓசை இன்னும் தகரக் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெளியே காற்று, இந்த ஊரில் எப்போதும் வெளியே காற்று, முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, நரைத்த தலை, செம்பட்டைத் தலை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருக்கும் வழுக்கைத் தலை, எல்லாம் என்னைத்தான் பார்க்கின்றன, என் வலது முழங்கைக்குக் கீழே ஏதோ இருக்கிறது, அல்லது இந்த நொடிக்கு முன்புவரை இருந்தது, குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும், குனிவதில்லை, ஒவ்வொரு முறையும் குனிவதற்குள் விழித்துக்கொள்கிறேன், ஜன்னலில் ஆணியடித்து மாட்டிய போர்வையின் ஓட்டைகளில் பகல் நிற்கிறது, தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போகிறார்கள், இரவு முழுக்க வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவனுக்குக் கனவு எங்கே முடிந்தது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை, எழுந்து உட்கார்ந்து முழங்கையைத் தடவிப் பார்க்கிறேன், முழங்கைக்கு ஞாபகம் கிடையாது, எலும்பும் தோலும்தான், ஆனால் மென்னா கேட்டது இதைத்தான், உன் கையை அவன் தொட்டானா இல்லையா, ஒரே ஒரு பதில் சொல்லு, ஆமாவா இல்லையா, அவளுடைய தம்பி ஆலெட் அவளோடு வீட்டில் இருப்பதா, வண்டியேறி வடக்கே எங்கோ ஒரு நோயாளிகள் இல்லத்துக்குப் போவதா என்பது இந்த முழங்கையில்தான் வந்து நின்றது.

ஊரின் பெயர் த்ரெலெவ், அர்ஜென்டினாவின் தெற்கே, வரைபடத்தில் நாடு ஒடுங்கிக்கொண்டே போகும் பக்கத்தில், வெல்ஷ் மொழியில் லூயிஸின் ஊர் என்று அர்த்தமாம், வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் உண்டாக்கியது, தங்கள் பேச்சைப் பேசுவதற்குத் தங்கள் நாட்டிலேயே இடம் குறைந்துகொண்டு வந்ததால், குறுக்கே பேச ஆளில்லாத ஓர் இடத்தைத் தேடி வந்து இந்தப் பொட்டலில் இறங்கினார்கள், மரம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, பிறகு சுபுத் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கோதுமை போட்டார்கள், ரயில் போட்டார்கள், ரயில் கிளம்பிய இடத்தில் ஊர் வந்தது, இப்போது ரயில் இல்லை, ஊர் இருக்கிறது, அந்த மொழியைக் காப்பாற்றக் கடல் தாண்டி வந்தவர்களின் வாரிசுகள் நாயைக்கூட ஸ்பானிஷில்தான் கூப்பிடுகிறார்கள், வெல்ஷை ஞாயிற்றுக்கிழமைக்கும் பாட்டுக்கும் எடுத்து வைத்திருக்கிறார்கள், இதில் எனக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை, நான் தமிழை எதற்கும் எடுத்து வைக்கவில்லை, அவர்களும் கப்பலில் வந்தார்கள், நானும் கப்பலில் வந்தேன், அவர்கள் இறங்கினார்கள், என்னை இறக்கினார்கள், கடலூர் முதுநகரில் பிறந்து, கப்பல் படிப்பு படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு, படித்து முடிக்காதவனுக்கும் வேலை கொடுக்கும் ஒரு சரக்குக் கப்பலில் சமையலறை துடைக்கச் சேர்ந்தேன், பக்கத்துத் துறைமுகத்தில் அலுமினியம் ஏற்றிக்கொண்டிருந்தபோது குடல்வால் வெடித்தது, ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும்போது கப்பல் போயிருந்தது, அடுத்த கப்பலில் அனுப்பி வைக்கிறோம் என்றார்கள், அடுத்த கப்பல் வந்தது, நான் போகவில்லை, ஏன் போகவில்லை என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை, கம்பளி கழுவும் ஆலையில் இரவு வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர் சொன்னார், போனேன், அவ்வளவுதான்.

கம்பளி என்றால் கடையில் மடித்து வைத்திருப்பது இல்லை, ஆட்டின் வியர்வையும் கொழுப்பும் சாணமும் முள்ளும் ஒட்டிக்கிடக்கும் மூட்டை, அதைக் கொதிநீர்த் தொட்டியில் கொட்டி அலசி அடுத்த தொட்டிக்குத் தள்ள வேண்டும், விரல்கள் எந்நேரமும் வழவழவென்று இருக்கும், எதைத் தின்றாலும் ஆடு மணக்கும், முதல் தொட்டியில் நான், இரண்டாவதில் ஆலெட், ஐம்பதைத் தாண்டியவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், மீசையும் காது மயிரும் செம்பட்டை, வயதில் மூத்தவனை அவன் இவன் என்கிறேன், இங்கே எல்லோருக்கும் எல்லோரும் நீதான், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏ இந்து, கொஞ்சம் மெதுவாத் தள்ளு, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு என்றான், இங்கே இந்தியாவிலிருந்து வந்தவன் எவனும் இந்துதான், நான் ஞானஸ்நானம் வாங்கினவன்யா, கோயில் பதிவுல பேர் இருக்கு என்றேன், சரி, ஞானஸ்நானம் வாங்கின இந்து, கொஞ்சம் மெதுவாத் தள்ளு என்றான், மேஸ்திரி பெரால்டா குழாயைத் திருகிக்கொண்டே, இந்து ஒருத்தன், வேல்ஸ்காரன் ஒருத்தன், கழுவறது என்னமோ அர்ஜென்டினா ஆடு, தொட்டி பொங்குது பாருங்கடா என்றான், ஆவியில் யார் முகமும் தெரியாது, குரல்தான் வரும், அந்த ஆவிக்குள் ஆலெட் சன்னமாக எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பான், ஜெபம் என்று நினைத்திருந்தேன், இல்லை, வரிகளை எண்ணிக்கொண்டிருந்தான், கவிதை எழுதுகிறான் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, தெரிந்தவர் ஒருவரைக் குளியலறையில் பார்த்துவிட்டதுபோல.

இவர்களுக்கு வசந்தத்தில் ஒரு விழா உண்டு, பாட்டுக்கும் கவிதைக்கும் போட்டி, வெல்ஷில் எழுதிய கவிதைக்குப் பரிசு ஒரு நாற்காலி, நிஜமான மர நாற்காலி, கடைந்து செதுக்கியது, கவிதையில் பெயர் போடக் கூடாது, புனைபெயர்தான், நடுவர்களுக்கும் யார் எழுதியது என்று தெரியாது, விழா மேடையில் எக்காளம் ஊதி அந்தப் புனைபெயரைக் கூப்பிடுவார்கள், எழுதியவர் கூட்டத்தில் எங்கே இருக்கிறாரோ அங்கேயே எழுந்து நிற்க வேண்டும், அந்த நொடி வரை பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது, அதுதான் வழக்கம், அதுதான் ருசியும், ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் யார் எந்தப் பெயர் வைப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும், போன முறை ஆலெட் அப்பாவின் பண்ணைப் பெயரைப் போட்டுத் தொலைத்தான், விழாவுக்கு முன்பே ரொட்டிக் கடையில், என்ன ஆலெட், உட்கார நாற்காலி இல்லையா வீட்ல என்று கேட்டுச் சிரித்தார்கள், பரிசும் வரவில்லை, இந்த முறை கவிதை முடிந்த ஒரு காலையில், வேலை முடிந்து அவனுடைய பழைய வண்டியில் போகும்போது, வாய்க்கால் ஓரம் நிறுத்திவிட்டு, எங்க ஆளுங்க எவனுக்கும் தெரியாத வார்த்தை ஒண்ணு குடு, உன்னுது என்றான், எதிரே தண்ணீரைத் தடுக்கும் பலகை, துருப்பிடித்த சக்கரம், அவன் அப்பா காலம் முழுக்க அதைத் திறந்து மூடும் வேலை பார்த்தவராம், ஒவ்வொரு பண்ணைக்கும் முறை வைத்துத் தண்ணீர், இதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வாங்க என்றான், மதகு என்றேன், மதகு மதகு என்று பலமுறை சொல்லிப் பார்த்தான், யாரையோ திட்டற மாதிரி இருக்கு, நல்லாருக்கு என்றான், யார்கிட்டயும் சொல்லிடாத, மென்னாகிட்டக்கூட, அவ பியானோ வாசிக்கிற கையால ஊருக்கே தந்தி அடிச்சிடுவா.

அந்தப் பெயரிலேயே கவிதையை அனுப்பினான், குளிர்காலம் போய்க்கொண்டிருந்தது, ஒரு மத்தியானம் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன் கத்தியோடு சாய்ந்தான், மூளையில் ரத்தக்குழாய், வலது பக்கம் முழுக்கச் செத்துப்போனது, பேச்சு போனது, இடது கையில் கோளாறு ஒன்றும் இல்லை, ஆனா அதை அசைக்கிறவர் உள்ள இருக்காரான்னு சொல்ல முடியல என்று டாக்டர் மென்னாவிடம் சொன்னாராம், கண் திறந்திருக்கும், ஊட்டினால் விழுங்குவான், நான் வேலை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போவேன், நல்லவன் என்பதால் இல்லை, அங்கே சுடச்சுட ரொட்டி இருந்தது, தூக்கம் வருவதற்கு முன்பு மனிதர்கள் இருக்கும் அறை ஒன்று இருந்தது, மென்னா புருஷனை இழந்தவள், தம்பியைவிட ஏழெட்டு வயது பெரியவள், நீளக் கழுத்து, குரலில் தயவே இருக்காது, ஒருநாள் வாய் தவறி அவளை அக்கா என்றுவிட்டேன், அதென்ன என்றாள், மூத்த சகோதரி என்றேன், ஒரு தம்பியைத் தூக்கவே முடியல, இன்னொருத்தனா என்றாள், ஆனால் அதன் பிறகு கதவைத் தட்டினால் யாரு என்று கேட்பதில்லை, அக்காவோட தம்பி உள்ள வா என்பாள், அந்த அக்காவைத் தொண்டையிலிருந்து கொக்கரிப்பதுபோலச் சொல்வாள், அவள் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் தேய்மானம், ஆலெட்டைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது ஒரு சத்தம் போடுவாள், ஆடு கத்துவதுபோல, அந்தச் சத்தத்துக்குக்கூட அவன் கண் திரும்பாது, பாசம் இல்லாம இல்ல, பாசத்தால தூக்க முடியல, முதுகாலதான் தூக்க வேண்டியிருக்கு, முதுகு போச்சு என்றாள், வடக்கே இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது, விழா முடிந்த திங்கட்கிழமை வண்டி வரும், நான் வந்து தூக்கறேன் அக்கா என்றேன், நீ நின்னுக்கிட்டே தூங்கறவன், அவனைக் கீழ போட்டுடுவ என்றாள், அது உண்மைதான்.

அவருக்கு எல்லாம் தெரியுது அக்கா, உள்ள இருக்காரு என்றேன், எப்படிச் சொல்ற என்றாள், ஆவிக்குள் முகம் தெரியாமல் அவன் இருப்பது எப்படித் தெரியுமோ அப்படித்தான், அதைச் சொன்னால் சிரிப்பாள், விழாவுக்குக் கூட்டிட்டுப் போவோம் என்றேன், அவள் வெகுநேரம் ரொட்டி மாவையே பிசைந்துகொண்டிருந்தாள், சரி, கூட்டிட்டுப் போறேன், சின்ன வயசிலேர்ந்து கேட்ட பாட்டெல்லாம் அங்க பாடுவாங்க, எதுக்காவது ஒரே ஒரு விரலை அசைக்கட்டும், உள்ள இருக்கேன்னு காட்டட்டும், வண்டிய வேணாம்னு சொல்லிடறேன், முதுகு ஒடிஞ்சா ஒடியட்டும், ஒண்ணுமே இல்லன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது என்றாள், ஒத்துக்கொண்டேன், புனைபெயரைப் பற்றிச் சொல்லவில்லை, அவன் வாங்கிய வாக்கு ஒரு காரணம், பரிசு வராவிட்டால் அவளுக்கு இன்னொரு ஏமாற்றம் எதற்கு என்பது இன்னொரு காரணம், இரண்டும் நான் இப்போது சொல்லிக்கொள்ளும் காரணங்கள், அப்போது என்ன நினைத்தேன் என்பது அந்தத் தொட்டி ஆவிமாதிரிதான், கை வைத்தால் ஈரம் இருக்கிறது, பிடிக்க ஒன்றும் இல்லை.

கூடத்தில் பக்கவாட்டு நடைபாதையில் சக்கர நாற்காலியை நிறுத்தினோம், நான் அவனுக்கு இடப்பக்கம், வரிசையின் கடைசி இருக்கையில், அவனுடைய இடது கை என் வலது முழங்கையை ஒட்டி, மென்னா அந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, தம்பியின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள், மத்தியானத்திலிருந்து மாலைவரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், மேடையில் என்ன நடந்தது என்பதைக் காதால் மட்டும் பார்த்தாள், குழந்தைகள் பாடினார்கள், அசையவில்லை, நாலு குரலில் பிரிந்து பிரிந்து ஆண்கள் பாடினார்கள், கூடத்தின் பலகைத் தரை அதிர்ந்து என் உள்ளங்காலில் ஏறியது, அவன் அசையவில்லை, அவர்கள் அம்மா அடுப்படியில் பாடுவாளாம் ஒரு பாட்டு, அது வந்தபோது மென்னா முன்னால் குனிந்தாள், அவன் வாயோரம் எச்சில் இறங்கியது, அவள் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள், யாரோ தேநீரும் கறுப்புக் கேக்கும் கொண்டுவந்து நீட்டினார்கள், அவள் கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள், நான் பல நாள் தூக்கத்தை அந்த ஒரு நாளில் விட்டிருந்தேன், கண் எரிந்தது, மேடையில் பேசியது வெல்ஷா ஸ்பானிஷா என்று பிரிக்க முடியாமல் போனது, கண்ணுக்குள் கப்பல் கல்லூரிக் கூடம் வந்தது, காலையில் வெள்ளைச் சட்டையோடு நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள், உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று வரிசையாகப் போகும், கடைசி நாள் என் பெயர் கூப்பிட்டபோது நான் சுவருக்கு அந்தப் பக்கம் பையோடு நின்றிருந்தேன், கேட்டது, மறுபடியும் கூப்பிட்டார்கள், அதுவும் கேட்டது, பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள், நீல அங்கி போர்த்திய ஆண்களும் பெண்களும் மேடையில் ஏறுகிறார்கள், அங்கியா அது, இந்த மண்ணின் பூர்வகுடிகள் போர்த்துவதுபோன்ற கம்பளிப் போர்வை, எக்காளம் ஊதுகிறது, விழாத் தலைவர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, எந்தப் பக்கம் அழுத்துவது என்று தெரியாமல், மெதுவாக, மதகு என்கிறார்.

மென்னா கொக்கரிக்கும் அந்த அக்காவை விட்டால், இந்த ஊருக்கு வந்தபின் என்னைத் தவிர வேறு யார் வாயிலிருந்தும் உரக்க வந்த முதல் தமிழ்ச் சொல் அது, ஒரு கூடம் நிறைய ஆட்கள் மத்தியில், எக்காளத்துக்குப் பிறகு, மறுபடியும், மதகு, இருந்தால் எழுந்து நிற்கட்டும் என்கிறார், நின்றுகொண்டிருக்கிறேன், எழுந்ததாக ஞாபகம் இல்லை, நின்றதுதான் ஞாபகம், பெயர் கூப்பிட்டால் எழுந்திருக்கும் முட்டி எழுந்துவிட்டது என்று சில சமயம் தோன்றுகிறது, இல்லை, முழங்கைக்கு அடியில் ஒரு கை வந்தது, சோம்பேறி மாட்டைக் கிளப்புவதுபோல மேல்நோக்கி ஒரு தள்ளல், என்னால எழுந்திருக்க முடியல, நீ எழுந்திரு என்று, அப்படியும் தோன்றுகிறது, இரண்டில் எது முதலில் தோன்றியது என்று தெரியவில்லை, தலைகள் திரும்பின, மத்தியானத்திலிருந்து தம்பியின் கையைவிட்டுக் கண் எடுக்காத மென்னா அந்த ஒரு நொடியில் கண்ணை எடுத்து, வாயைப் பிளந்துகொண்டு, என்னைப் பார்த்தாள்.

கைதட்டல், நீல அங்கிப் பெண்கள் இருவர் வந்து ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், நான் இல்லை என்றேன், கவிஞருங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க, வாங்க என்று சிரித்தாள் ஒருத்தி, ஸ்பானிஷ் எனக்குள் எங்கோ விழுந்துவிட்டது, வாயில் வந்தது தமிழ்தான், நான் இல்லங்க, அவருங்க, அவருதான் எழுதினது என்று சொல்லிக்கொண்டே பாதி தூரம் இழுபட்டுப் போனேன், மூன்றாவது வரிசையில் ஒருவர், இந்தப் பையன் பேசறது எந்தப் பக்கத்து வெல்ஷ், நல்லா இருக்கே என்று கேட்டாராம், மென்னா பிறகு சொன்னாள், ஒருவழியாக ஆலெட்டைக் கையால் காட்டினேன், எழுதியவரின் நிஜப் பெயரை வைத்து ஒட்டியிருந்த உறையைத் தலைவர் பிரித்துப் பார்த்தார், அவன் பெயர்தான் இருந்தது, எல்லோரும் எழுந்து நின்றார்கள், நான் மட்டும் எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றேன், மேடைக்குப் படிகள் இருந்தன, அதனால் அந்தச் செதுக்கிய நாற்காலியை நாலுபேர் தூக்கிக் கீழே கொண்டுவந்து அவனுக்கு எதிரே வைத்தார்கள், தூக்கி உட்கார வைக்கலாமா என்று கேட்டார்கள், மென்னா தலையசைத்து மறுத்தாள், நீயாவது உட்காரு என்றார்கள், எழுதினது நானில்லையே என்றாள், காலி நாற்காலிக்கு மேலே பாதி உருவிய வாளைப் பிடித்து, அமைதி உண்டா என்று தலைவர் கேட்டார், அது வழக்கம், மூன்று முறை கேட்பார்கள், அமைதி என்று கூட்டம் மூன்று முறை சொன்னது, ஆலெட்டின் முகம் எங்கேயும் போகவில்லை, எங்கிருந்தும் வரவும் இல்லை, யாரோ கவிதையிலிருந்து சில வரிகள் வாசித்தார்கள், எனக்கு ஒரு சொல் புரியவில்லை, என்ன எழுதியிருக்காரு அக்கா என்று கேட்டேன், வாய்க்காலோட கடைசிப் பண்ணைக்காரன், அவன் முறைக்குத் தண்ணி வரல, பலகையைத் தூக்கி வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கான், அவ்வளவுதான் கதை என்றாள், பிறகு, நல்லாத்தான் எழுதியிருக்கான் கழுதை என்றாள், கழுதை என்றபோது குரல் நேராக இல்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டிருந்தாள், யாரும் அதில் உட்காரவில்லை, வருகிறவர்களை எல்லாம் மென்னா கேட்டாள், பேர் கூப்பிட்டப்ப இவன் கை அசைஞ்சதா, நீ பார்த்தியா, ஆர்மோனியம் வாசிக்கும் பெண், பார்த்தேன், கை உசந்துச்சு என்றாள், எந்தக் கை என்றால் வலது கை என்றாள், வலது கை செத்து மாசக்கணக்காகிறது, போர்வை நழுவியதைப் பார்த்தேன் என்றார் ரொட்டிக் கடைக்காரர், கண்ணு மின்னுச்சு என்றார் இன்னொருவர், கண் எப்போதும் அப்படித்தான் நீர் கோத்திருக்கும், செல்போனில் படமெடுத்தவர்கள் காட்டினார்கள், எல்லாப் படத்திலும் நான்தான், வாயைத் திறந்துகொண்டு, தூக்கத்தில் நடப்பவன்மாதிரி, ஆலெட் இருந்த ஓரம் வெட்டுப்பட்டிருந்தது, ஒரு படத்தில் மட்டும் என் சட்டையின் வலது கை முழங்கையில் சுருங்கியிருந்தது, சட்டை ஆள் எழுந்தாலும் சுருங்கும், காற்றடித்தாலும் சுருங்கும், ஒன்றும் இல்லாமலும் சுருங்கும், மென்னா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், கடைசியில் அது வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை, நான் போனபோது ஆலெட்டின் துணிகளை ஒரு பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், மறுநாள் வண்டி, ஆலெட் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில், ஜன்னலுக்கு வெளியே நெட்டிலிங்கம்போல உயர்ந்த மரங்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்கின்றன, அப்போதுதான் கேட்டாள், உன் கையை அவன் தொட்டானா இல்லையா, யோசித்தேன், யோசிக்க யோசிக்கத் தொட்டதும் வலுத்தது, தொடாததும் வலுத்தது, ஏதோ இருந்துச்சு, அது அவரு கையா என் தூக்கமான்னு தெரியல அக்கா என்றேன், அவள் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள், ஆமான்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் நீ என்றாள், பொய் சொன்னா உங்க முதுகு சரியாயிடுமா என்றேன், அவளுக்கு என்மேல் கோபம் வந்தது, எனக்கும் என்மேல் வந்தது, ஒரு நொடி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும், இவள் பார்த்திருப்பாள், ஆமாவோ இல்லையோ, பார்த்திருப்பாள், நான் எழுந்து நின்று அதை மறைத்துக்கொண்டேன், போய்விடலாம் என்று கதவருகே வந்துவிட்டேன், நில்லு என்றாள்.

சுவரோரம் கிடந்த பெஞ்சை இழுத்தாள், முதுகைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆட்டுச் சத்தத்தோடு, இழுத்து ஆலெட்டின் இடப்பக்கம் ஒட்டிப் போட்டாள், நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே பக்கம், உட்கார்ந்தாள், முழங்கையை அவன் கையருகே வைத்தாள், எப்படி வச்சிருந்த, இப்படியா, இன்னும் கொஞ்சம் கீழ அக்கா என்றேன், கீழே வைத்தாள், சுவரை நேராகப் பார்த்தாள், அவன் கையைப் பார்க்கவில்லை, முதல் முறையாக அவன் கையைப் பார்க்காமல் உட்கார்ந்தாள், கூப்பிடு என்றாள், என்னன்னு என்றேன், அன்னைக்கு என்ன கூப்பிட்டாங்களோ அதை என்றாள், வெறும் அறையில், துணிப்பெட்டி திறந்து கிடக்க, மூன்று பேர் மட்டும் இருக்க, அந்தச் சொல்லை உரக்கச் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது, மதகு என்றேன், காற்று ஜன்னலை ஆட்டியது, அடுப்பில் விறகு ஒன்று உடைந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான், சத்தமா என்றாள், மதகு என்றேன், சத்தமாக, சொல்லும்போது அது வாய்க்காலில் பலகையைத் தூக்கி நிறுத்தும் அந்தப் பொருளாக இல்லை, ஆலெட்டின் பெயராகத்தான் இருந்தது, அவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு மறந்துபோயிருந்தது, நேரம் போகிறது, அல்லது போகவில்லை, எனக்குக் கூடமும் இந்த அறையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன, யாரும் திரும்பிப் பார்க்காத கூடம், தலைகள் இல்லாத வரிசைகள், மென்னாவின் கழுத்து நரம்பு ஒருமுறை அசைந்தது, எழுந்து நின்றாள்.

நிற்கிறாள், முதுகு வலிக்கிறவள் பெஞ்சிலிருந்து எழ எதையாவது பிடித்துக்கொள்வாள், எதையும் பிடிக்கவில்லை, சத்தமும் போடவில்லை, தொட்டாரா அக்கா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கலாம், என்னைப்போலவே தெரியாமலும் இருக்கலாம், குனிந்து பார்த்தேன், இந்த முறை குனிந்து பார்த்தேன், ஆலெட்டின் இடது கை நாற்காலியின் கைப்பிடி விளிம்பில் இருந்தது, விரல்கள் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன, கூப்பிடுவதற்கு முன்பு அது எங்கே இருந்தது என்று நான் பார்த்து வைத்திருக்கவில்லை, மென்னா நின்ற இடத்திலேயே நின்றாள், அவள் முகம் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் எழுந்துவிட்டு, கேள்வி என்ன என்று காத்திருக்கும் மாணவிபோல இருந்தாள், பிறகு, அடுப்புல தண்ணி வைக்கணும் என்றாள், வைக்கப் போகாமல் தொலைபேசி இருந்த மூலைக்குப் போனாள், வண்டி வேணாம், நாளைக்கும் வேணாம், அப்புறமும் வேணாம் என்று அவள் சொல்வது கேட்டது, திரும்பி வந்து பெட்டியிலிருந்த சட்டைகளை இரண்டு கையாலும் அள்ளி என்னிடம் நீட்டினாள், இதெல்லாம் அலமாரியில வை, காலையில வேலை முடிஞ்சதும் நேரா இங்க வா, தூங்கறதுக்கு முன்னாடி தூக்கு, போட்டுட்டேன்னா உன்னையும் சேர்த்து வடக்க அனுப்பிடுவேன் என்றாள், நான் சட்டைகளோடு நின்றுகொண்டிருக்கிறேன்.